ஏலத்தில் எடுத்த வீட்டுக்குள் ஆள் இருந்தால்

வங்கி ஏலத்தில் வீடு எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் பணம் கட்டும் வழியை எல்லோரும் சொல்லித் தருவார்கள். இ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகை எவ்வளவு, வங்கி ஏலம் நடக்கும் பேங்க்நெட் தளத்தில் எப்படிப் பதிவது, மீதியை எத்தனை நாளில் கட்டுவது என்று. எல்லாம் கட்டி முடித்து, விற்பனைச் சான்றிதழோடு போய் நின்றால் வாசலில் கோலம் இருக்கும், கொடியில் துணி காயும், உள்ளே மிக்ஸி ஓடும். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. வங்கியில் கேட்டால் "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்தீங்க" என்றார்கள். வக்கீல்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சந்தை விலையைவிடக் குறைவாக எடுத்ததில் மிச்சமான தொகையின் பெரும்பங்கு வட்டியிலும் வாடகையிலும் கரைந்தது. தூக்கம் போன கணக்கு தனி. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் ஏலத்தில் இறங்க நினைப்பவர்களுக்காக, நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் பத்திரிகை விளம்பரம். ஏல அறிவிப்பில் விலையைப் பார்ப்பதற்கு முன் சுவாதீனம் என்ன வகை என்று பாருங்கள். "நேரடி சுவாதீனம்" என்றிருந்தால் வீடு பூட்டி, சாவி வங்கியில் இருக்கிறது. "அடையாள சுவாதீனம்" என்றிருந்தால் காகிதத்தில் மட்டும்தான் வங்கியிடம் இருக்கிறது. வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தை எடுத்து விற்க வழி செய்வது சர்ஃபேசி சட்டம் 2002. அதன் பிரிவு 13(2)ன்படி கடன் வாங்கியவருக்கு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் போகும். பணம் வராவிட்டால் 13(4)ன்படி வங்கி அதிகாரி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொள்வார். 7 நாளுக்குள் இரண்டு செய்தித்தாளில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், விளம்பரம் வரும். அடையாள சுவாதீனம் அத்தோடு முடிந்தது. வீட்டுக்காரர் அப்போதும் அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார். நம் பக்கம் ஏலத்துக்கு வரும் வீடுகளில் இந்த வகையும் தாராளமாக உண்டு, விலை குறைந்திருப்பதற்குக் காரணமும் அதுதான். உள்ளே இருப்பவரைக் காலி செய்யும் செலவையும் காலத்தையும் வாங்குபவர் தலையில் வைத்துத்தான் அந்த விலை.

"உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையைக் காட்டி வங்கி கைகழுவப் பார்க்கும். அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. பிணைய உரிமை விதிகளில் 9(9), பணம் முழுதும் வந்தபின் சொத்தை வாங்கியவரிடம் அதிகாரி ஒப்படைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால் ஏலத்தில் கலந்துகொள்வதற்கு முன்பே வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மின்னஞ்சலில் கேள்வி கேளுங்கள். போனில் கேட்டால் பதில் காற்றோடு போகும். உள்ளே யார் இருக்கிறார்கள், நேரடி சுவாதீனம் கேட்டுப் பிரிவு 14ல் மனு போட்டாகிவிட்டதா, போட்டிருந்தால் கலெக்டரிடமா நீதிமன்றத்திலா, மனு எண் என்ன, உத்தரவு வந்ததா, கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்கு இருக்கிறதா, வாடகைதாரர் பற்றி வங்கிக்கு என்ன தெரியும். பதில் வந்தால் ஒரு தகவல். பதிலே வராவிட்டால் அது இன்னும் பெரிய தகவல்.

அடுத்து வீட்டை நேரில் பார்ப்பது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், ஆள் இருக்கும் நேரம் அது. பக்கத்து மளிகைக் கடை, பால்காரர், இஸ்திரிக்காரர், இவர்களுக்கு உள்ளே எத்தனை குடித்தனம், யார் எப்போது வந்தார்கள் என்பது அத்துப்படி. மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு பாக்கி பாருங்கள். மின்வாரிய விதி இடம் கொடுத்தால் பழைய பாக்கியைப் புது உரிமையாளரிடம் கேட்கலாம் என்று 2023ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், அடுக்ககமாக இருந்தால் பராமரிப்புப் பாக்கி, இவற்றையும் பாருங்கள். வில்லங்கச் சான்றில் அடமான ஒப்படைப்புப் பத்திரம் (கடனுக்கு ஈடாக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம்) பதிவான தேதியைத் தனியாகக் குறித்து வையுங்கள். உள்ளே இருப்பவர் எந்த உரிமை பேசினாலும், அது அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்பதில்தான் பாதி வழக்கு நிற்கும்.

உள்ளே இருப்பவர் கடன் வாங்கியவரே என்றால் சட்டப்படி அவருக்கு வீட்டில் தங்கும் உரிமை மிச்சமில்லை. ஆனால் மனதுக்கு இதுதான் கஷ்டமான வகை. திட்டித் துரத்துவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால், "வாங்க" என்று கூப்பிட்டு சொம்பில் தண்ணீர் கொடுப்பார்கள். பனியன் யூனிட் நொடித்ததையும், ஜாமீன் போட்ட மச்சான் ஓடிப்போனதையும் சொல்வார்கள். குற்ற உணர்ச்சியோடுதான் வெளியே வருவீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த உணர்ச்சியில் "பாத்துச் செய்யலாமுங்க, அவசரமில்லை" என்று ஒரு வார்த்தை விட்டுவிடாதீர்கள். அவர்கள் அதைத் தவணையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

போக்கியத்துக்கு இருப்பவர்கள் இன்னும் பாவம். நான்கைந்து லட்சத்தை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் இருப்பவர்கள். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, பதிவு செய்யாமல் வைத்திருப்பார்கள். வீடு அடமானத்தில் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. அடமானத்துக்குப் பின் வீட்டுக்காரர் வாடகைக்கு விடுவதற்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 65ஏ வரம்பு வைத்திருக்கிறது: கட்டடத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, வாடகையை முன்கூட்டி வாங்கக் கூடாது. மொத்தப் பணம் வாங்கிய போக்கியம் இதற்குள் அடங்காது. 13(2) நோட்டீஸ் வந்த பிறகு வங்கி சம்மதம் இல்லாமல் வாடகைக்கு விட்டால் அதை 13(13) தடுக்கிறது. பதிவில்லாத வாய்மொழி வாடகையைக் காட்டி ஆண்டுக்கணக்கில் உட்கார முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019ல் தெளிவாக்கியது. ஆக, அவர்கள் பணம் கொடுத்தது பழைய வீட்டுக்காரரிடம்; அதை அவரிடம்தான் வசூலிக்க வேண்டும். உங்களிடம் கேட்பார்கள், கொடுக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் இருந்தால் கதையே வேறு. அந்தக் காலம் முடியும் வரை அவர் இருக்கலாம். அப்படி ஒன்று வில்லங்கத்தில் தெரிந்தால் அந்த ஏலத்தை விட்டுவிடுவதே நல்லது.

திருப்பூர்ப் பக்கம் லைன் வீடு சேர்ந்த சொத்துகள் வரும். முன்னால் சொந்த வீடு, பின்னால் ஆறேழு அறை, ஒவ்வொன்றிலும் கம்பெனி வேலைக்கு வந்த ஆட்கள். இவர்களால் நாம் பயப்படும் அளவுக்குப் பிரச்சினை வராது. அட்வான்ஸ் போய்விடுமோ என்ற கவலைதான் அவர்களுக்கு. பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் வீட்டோடு தறிக்குடோன் வரும். தறி வேறொரு வங்கிக்கு ஈடாக இருக்கலாம். ஏல அறிவிப்பில் நிலமும் கட்டடமும் மட்டும்தான் இருக்கும். தறியை நீங்கள் கழற்றி வெளியே வைத்தால் அந்த வங்கி உங்கள் மேல் வரும். தோட்டத்துச் சாளையாக, அதாவது தோட்டத்துக்குள் இருக்கும் வீடாக இருந்தால் இன்னொரு சிக்கல்: விவசாய நிலத்துக்கு சர்ஃபேசி பொருந்தாது என்று பிரிவு 31 சொல்வதால், கடன்காரர் "இது காடுங்க, வெள்ளாமை நடக்குதுங்க" என்று தீர்ப்பாயத்துக்குப் போவார். உண்மையில் பயிர் நடக்கும் நிலம் என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஆனால் நிரூபிக்க முயலும் காலம் முழுக்க உங்கள் பணம் முடங்கிக் கிடக்கும். நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவான அடங்கலை முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள்.

பண விஷயத்துக்கு வருகிறேன். ஏலம் உங்களுக்கு நின்றால், இ.எம்.டி.யையும் சேர்த்து 25 சதவீதம் அன்றோ மறு வேலை நாளோ கட்ட வேண்டும். மீதி 75 சதவீதம், விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கியும் நீங்களும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் இதை அதிகபட்சம் 3 மாதம் வரை நீட்டலாம். உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி இந்த 75 சதவீதம்தான். அது போய்ச் சேர்ந்த மறுநாளில் இருந்து வங்கியில் உங்கள் போனை எடுக்கும் வேகமே மாறிவிடும். அதனால் பிரிவு 14 உத்தரவு நிலுவையில் இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி நீட்டிப்பை எழுத்தில் வாங்கப் பாருங்கள். எழுத்தில் வாங்காமல் நீங்களாக நிறுத்தி வைத்தால் கட்டிய 25 சதவீதம் பறிபோகும், அந்த விளையாட்டு வேண்டாம். வீட்டுக்கடனை நம்பி இறங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அடையாள சுவாதீனத்தில் உள்ள வீட்டுக்குக் கடன் கொடுக்கப் பல நிறுவனங்கள் தயங்கும், 15 நாளில் ஒப்புதலும் கிடைக்காது. 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் 1 சதவீதம் வருமான வரியைப் பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

காத்திருப்பின் விலையை ஏலம் கேட்பதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். 25 லட்சம் கடன், 9 சதவீத வட்டி என்றால் மாதம் 18,750 ரூபாய் வட்டி மட்டும். நீங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு 12,000. மாதம் 30,750 ஆயிற்றா, பத்து மாதத்துக்கு 3,07,500. வக்கீல், அலைச்சல் எல்லாம் இதற்கு மேல். இந்தத் தொகையை உங்கள் அதிகபட்ச ஏல விலையில் இருந்து கழித்துவிட்டு மீதியில் கேளுங்கள். ஏலத் திரையில் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏறும்போது இந்தக் கணக்கு மறந்துபோகும், தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

இனி பிரிவு 14. நேரடி சுவாதீனத்துக்கு வங்கி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனு போட வேண்டும். நீங்கள் போட முடியுமா என்று அலையாதீர்கள், வங்கியைப் போட வைப்பதே நேர் வழி. "வித்தாச்சு, இனி எங்களுக்கு உரிமை இல்லை" என்று கிளையில் சொன்னால் ஏற்காதீர்கள். விற்பனைக்குப் பிறகும் வங்கி பிரிவு 14ல் மனு போடலாம் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனுவோடு ஒன்பது விவரம் கொண்ட பிரமாணப் பத்திரம் வைக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் மனு திரும்பும். சட்டப்படி 30 நாள், காரணம் எழுதி வைத்தால் மொத்தம் 60 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். இந்தக் கெடு கட்டாயமில்லை, வழிகாட்டுதல்தான் என்று 2020ல் தீர்ப்பு வந்துவிட்டதால் மாதங்கள் ஓடும். நீதிமன்றம் என்றால் வக்கீல் ஆணையரை நியமிப்பார்கள். அவர் உள்ளே இருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்து, போலீஸ் பாதுகாப்புக் கேட்டு நாள் குறிப்பார். தேர்தல், தேர்த்திருவிழா, மந்திரி வருகை என்று எதுவும் பந்தோபஸ்தைத் தள்ளிப்போடும். வங்கியின் வக்கீல் யார் என்று கேட்டு வாங்கி, அவரோடு நேரடித் தொடர்பில் இருங்கள். கிளை மேலாளருக்கு மூன்று வருடத்தில் மாறுதல் வந்துவிடும். வக்கீலிடம்தான் வழக்குக் கட்டு இருக்கும்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. பிரிவு 17ல் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயம் போகலாம். நமக்குக் கோவையிலேயே தீர்ப்பாயம் இருக்கிறது, மேல்முறையீட்டுக்குத்தான் சென்னை. ஒவ்வொரு புது நடவடிக்கையையும் காரணமாக வைத்துப் புது மனு வரும். அதில் கடன் பாக்கியின் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனையோடு தடை கிடைக்கும், கட்டாவிட்டால் தடை போகும். நீங்கள் செய்ய வேண்டியது, வழக்கு இருப்பது தெரிந்த உடனே ஏலத்தில் வாங்கியவர் என்ற முறையில் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்க மனு போடுவது. வங்கி வக்கீல் வங்கிக்காகத்தான் வாதாடுவார். வாய்தா கேட்டால் அவருக்கு நட்டமில்லை, உங்களுக்கு மாத வட்டி. "பாக்கியை முழுசாக் கட்டீட்டு வீட்டை மீட்டுக்கறமுங்க" என்று கடைசி நேரத்தில் வந்தால் பதற வேண்டாம். 2016 திருத்தத்துக்குப் பின் மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான், 2023 தீர்ப்பும் அதையே உறுதி செய்தது. சர்ஃபேசி நடவடிக்கையில் சிவில் கோர்ட் தலையிடக் கூடாது என்று பிரிவு 34 சொன்னாலும், கடன்காரரின் தங்கையோ பெரியப்பா மகனோ பாகப்பிரிவினை வழக்குப் போட்டு இடைக்காலத் தடை கேட்பது நம் ஊரில் சகஜம். இதற்கு முன்கூட்டியே கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம் என்ற மனு, போட்டு வையுங்கள். கேவியட் 90 நாள்தான் நிற்கும், தேதியைக் காலண்டரில் குறித்துப் புதுப்பிக்க வேண்டும்.

வழக்கு ஒரு பக்கம் ஓடட்டும், பேச்சையும் விடாதீர்கள். பல வீடுகள் கடைசியில் பேச்சில்தான் காலியாகின்றன, உத்தரவு கையில் இருப்பது பேச்சுக்குப் பலம். தனியாகப் போகாமல், இரு தரப்பும் மதிக்கும் வயதான ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஏலப் புரோக்கர் வேண்டாம். வீட்டில் பெண்களும் இருக்கும் நேரத்தில் பேசுங்கள், காலி செய்யும் முடிவு அவர்கள் கையில்தான் இருக்கும். "ஏனுங் தம்பி, ஆடி போகட்டும், ஆவணியில குடுத்தர்றமுங்க" என்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள் என்பது உண்மைதான், பிள்ளைகள் முழுப்பரீட்சையும் நியாயமான காரணம். ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு. கையில் ஏதாவது கொடுக்க வேண்டி வந்தால் தயங்க வேண்டாம். மேலே போட்ட கணக்கின்படி இரண்டு மூன்று மாத வட்டியும் வாடகையும் சேர்ந்த தொகை வரை கொடுத்தாலும் உங்களுக்கு மிச்சம். புது வீட்டு அட்வான்ஸும் வண்டிக் கூலியும்தான் அவர்களுக்கு உடனடித் தேவை. முன்பணம் கொடுக்காதீர்கள். முத்திரைத்தாளில் ஒப்படைப்புக் கடிதம், வீட்டில் 18 வயது தாண்டிய அத்தனை பேர் கையெழுத்து, ஆதார் நகல், இரண்டு சாட்சி, இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்ற வாசகம், போட்ட வழக்கை வாபஸ் பெறும் மனு. வீடு காலியாகி, எல்லா அறையும் பார்த்து, சாவி கைக்கு வந்தபின் வங்கிக் கணக்கு வழியாகப் பணம்.

செய்யவே கூடாதது சில உண்டு. முதலாவது, வாடகை வாங்குவது. "காலி பண்ற வரைக்கும் மாசம் அஞ்சாயிரம் குடுத்தர்றோம்" என்பது இனிப்பாகத்தான் இருக்கும். வாங்கினால் நீங்கள் வீட்டுச் சொந்தக்காரர், அவர் வாடகைதாரர் என்றாகிவிடும். பிரிவு 14 உத்தரவைக் கொண்டு அவரைக் காலி செய்வது சிக்கலாகி, 2017 தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி வாடகை நீதிமன்றத்தில் புதிதாகத் தொடங்க வேண்டி வரும். ஜி-பே எண்ணைக்கூடக் கொடுக்காதீர்கள், கேட்காமலே போட்டுவிட்டு ரசீதாகக் காட்டுவார்கள். அப்படி வந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிட்டு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். இரண்டாவது, அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றுவது. சட்ட வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருடையது என்றே பார்க்காமல் சுவாதீனத்தைத் திருப்பித் தரச் சொல்லும் பிரிவு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தில் இருக்கிறது. கரண்ட் கட் செய்வது, தண்ணீர் வால்வை அடைப்பது, ஆள் வைத்து மிரட்டுவது, இவையெல்லாம் போலீஸ் நிலையத்தில் உங்களைக் குற்றவாளியாக உட்கார வைக்கும். "ரெண்டே நாள்ல காலி பண்ணித் தர்றேன்" என்று வருகிறவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார், எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

வக்கீல் ஆணையர் வீட்டைக் காலி செய்ய வரும் நாளுக்கு முதல் நாளே ஏற்பாடு முடித்துவிடுங்கள். பூட்டுத் திறக்கும் ஆள், வாசல் எத்தனையோ அத்தனை புதுப் பூட்டு, மாடிக் கதவுக்கும் மோட்டார் ரூமுக்கும் சேர்த்து, வீடியோ எடுப்பவர், சுமை தூக்க நாலு ஆள், ஒரு டெம்போ. பெண்கள் உள்ளே இருந்தால் பெண் காவலர் வேண்டும் என்று வங்கி மூலம் முன்பே கேளுங்கள், அவர் வராமல் அன்றைய காரியம் நின்றுபோவது உண்டு. காலையிலேயே தொடங்க வேண்டும், இருட்டிய பிறகு யாரும் தொடர மாட்டார்கள். உள்ளே இருக்கும் சாமான் ஒவ்வொன்றும் பட்டியலில் ஏற வேண்டும். நகை, பத்திரம், மருந்து மாத்திரை, பிள்ளைகளின் சான்றிதழ், சாமி படம், இவற்றை முதலில் அவர்கள் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். பின்னால் "பீரோவுல பத்துப் பவுன் இருந்துச்சு" என்று புகார் வராமல் இருக்க இதுதான் வழி. படுத்த படுக்கையாக யாராவது இருந்தால் முன்பே சொல்லி ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்வது மனிதத்தன்மை, சட்டத்துக்கும் நல்லது. ஆட்கள் வராமல் போட்டுவிட்டுப் போன சாமானை நீங்கள் தொடாதீர்கள். ஒரு அறையில் வைத்துப் பூட்டி, எடுத்துப் போகச் சொல்லி வங்கி நோட்டீஸ் அனுப்பட்டும்.

சாவி வாங்கும்போது ஒப்படைப்புச் சான்றில் அதிகாரியின் கையெழுத்தும் நேரமும் இருக்க வேண்டும். மீட்டர் அளவைப் போட்டோ எடுங்கள். அன்று ராத்திரியே ஒரு ஆள் அந்த வீட்டில் படுக்கட்டும், முதல் வாரம் வீடு வெறுமனே கிடக்கக் கூடாது. பின்வாசல் வழியாகத் திரும்ப ஏறிக்கொள்வதும் நடக்கும். போலீஸ் நிலையத்தில் ஒப்படைப்புச் சான்றின் நகலோடு ஒரு தகவல் கடிதம் கொடுத்து ரசீது வாங்குங்கள். லைன் வீட்டுக்காரர்களை மறுநாளே கூப்பிட்டுப் பேசி, இருக்க விரும்புகிறவர்களோடு உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போட்டு வாடகை ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். பழைய அட்வான்ஸ் உங்கள் கைக்கு வரவில்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விற்பனைச் சான்றிதழ் வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பட்டா, சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு என்று பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள். பட்டாவுக்குத்தான் நாளாகும் என்பதால் அதை முதலில் போடுவது நல்லது.